நூல் முடியும் இடம்

தையல் ஆசிரியர்களே, டெய்லர் கடை நடத்தும் நண்பர்களே, பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, இப்போதுதான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் தங்கைகளே!

தையலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாக எதைப் பேசுவார்கள்? வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். அளவைப் பற்றிப் பேசுவார்கள். கழுத்து டிசைன், கை டிசைன் என்று பேசுவார்கள். நான் இன்று அவற்றில் எதையும் தொடப் போவதில்லை. ஒரு தையல் முடியும் இடத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நூலை அறுப்பதற்கு முன்னால் வருகிறதே அந்தக் கடைசி இரண்டு மூன்று தையல், அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு முழுவதும். இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் கேட்கலாம். ஒரு சொற்பொழிவு போதாது என்பதே என் எண்ணம்.

உங்கள் வீட்டில் தைக்க வேண்டும் என்று ஒதுக்கிவைத்த துணிகள் ஒரு பையில் கிடக்கும். கிடக்காத வீடு இல்லை. இன்று இரவு அந்தப் பையைக் கொட்டிப் பாருங்கள். சட்டைப் பையின் மேல்மூலை பிரிந்திருக்கும். சுடிதாரின் பக்கத் திறப்பு முடியும் இடம் இடுப்பை நோக்கி ஏறியிருக்கும். பாவாடையின் கொக்கி தொங்கும். தலையணை உறையின் மூலை வாய் திறந்திருக்கும். ஒரு பட்டன் இருக்காது. இவற்றில் துணி கிழிந்தது எத்தனை? ஒன்றோ இரண்டோ. நூல் நடுவில் அறுந்தது எத்தனை? அதுவும் குறைவுதான். மற்றவை எல்லாம் தையல் தொடங்கிய இடத்திலோ முடிந்த இடத்திலோ நூல் நழுவியவை. மெல்ல, ஒவ்வொரு துவைப்பிலும் ஒரு தையலாக, யாருக்கும் தெரியாமல் நழுவியவை.

அப்படியானால் நாம் எங்கே கவனம் வைத்திருக்க வேண்டும்? எங்கே வைத்துக்கொண்டிருக்கிறோம்? இந்தக் கேள்வியை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நூல் ஏன் நழுவுகிறது என்று பார்ப்போம்.

அரிசி மூட்டையைப் பிரித்திருக்கிறீர்கள் அல்லவா? சரியான முனை கையில் அகப்பட்டால் ஒரே இழுப்பு. சர்ரென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவிழ்ந்து நூல் முழுதாகக் கையோடு வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால்? இழுக்க இழுக்க இறுகும். கடைசியில் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதுதான். ஒரே நூல், ஒரே தையல், ஒரே மூட்டை. ஒரு முனையில் இழுத்தால் அவிழ்கிறது, மறுமுனையில் இழுத்தால் இறுகுகிறது. என்ன காரணம்?

அது சங்கிலித்தையல். நூல் ஒரு வளையமாகிறது. அடுத்த வளையம் அந்த வளையத்துக்குள் நுழைந்து வருகிறது. அதற்குள் அதற்கடுத்த வளையம். ஒவ்வொரு வளையத்தையும் அடுத்து வரும் வளையம் பிடித்துக்கொள்கிறது. இப்படியே போனால் கடைசி வளையத்தை யார் பிடிப்பது? யாரும் இல்லை. அதற்குப் பின்னால் வளையமே இல்லையே! அந்த ஒன்றை உருவினால் அதற்கு முந்தியது விடுபடுகிறது. அது விடுபட்டால் அதற்கும் முந்தியது. மூட்டையின் வாயைக் கட்டிக் காக்கும் அத்தனை தையலும் கடைசி வளையம் ஒன்றை நம்பி நிற்கின்றன.

இதைக் கையால் செய்கிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். ஆரி வேலை செய்யும் தங்கைகளே, நீங்கள் கல்யாண பிளவுஸில் போடும் அத்தனை கொடியும் பூவும் இதே சங்கிலித்தையல்தான். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலிருந்து கொக்கி ஊசியை இறக்கி, அடியிலிருந்து நூலை வளையமாக இழுக்கிறீர்கள். ஒரு பூவை முடித்ததும் கடைசி வளையத்தை என்ன செய்கிறீர்கள்? அதன் தலைக்கு வெளியே ஒரு சிறு தையலாகக் கீழே இறக்கி, அடியில் முடிச்சிட வேண்டும். அப்படிச் செய்யாமல் நூலை வெட்டி, பின்பக்கம் கொஞ்சம் பசை தடவி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பசை தடவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிச்சுக்கு மேல் தடவுங்கள். முடிச்சுக்குப் பதிலாகத் தடவாதீர்கள். மணமேடையில் ஒரு வளையல் நுனி அந்த வளையத்தில் மாட்டினால் அரை நாள் உழைப்பு ஒரே இழுப்பில் போய்விடும்.

தையல் எந்திரமும் இந்தச் சங்கிலியில்தான் தொடங்கியது. 1830-இல் பிரான்சு நாட்டில் பார்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் ஓர் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஆரி ஊசி போன்ற கொக்கி ஊசிதான் அதிலும் இருந்தது. ஒற்றை நூல், சங்கிலித்தையல். பாரிஸில் ராணுவச் சீருடை தைக்க அந்த எந்திரங்களை வைத்துப் பட்டறை நடத்தினார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் புகுந்து எந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். அவர்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பசிக்குப் பயந்தவர்களின் கோபம் அது.

பிறகு 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஊசியின் காது நுனிக்கு இறங்கிவிட்டது. அடியில் இரண்டாவது நூல் ஒன்று வந்து சேர்ந்தது. மேல் நூல் துணிக்குள் இறங்கி வளையமாகிறது, அடிநூல் அந்த வளையத்துக்குள் புகுந்து போகிறது. இரண்டும் துணியின் நடுவயிற்றில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. 1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றதும் இந்தப் பூட்டுத்தையல் எந்திரத்துக்குத்தான். அவர் பெயர் நம் ஊரில் எந்திரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. "சிங்கர் டெய்லர் தேவை" என்று பனியன் கம்பெனி வாசலில் பலகை தொங்குகிறதே, அது எந்தக் கம்பெனி எந்திரமாக இருந்தாலும் சிங்கர்தான்.

இந்தப் பூட்டுத்தையல் கையால் முடியாதா? முடியும். பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவரைக் கவனித்துப் பாருங்கள். கொக்கி ஊசியைத் தோலுக்குள் குத்துகிறார். அடியிலிருக்கும் நூலை மாட்டி வளையமாக மேலே இழுக்கிறார். அந்த வளையத்துக்குள் மேல்நூலின் நுனியை நுழைத்து இரண்டையும் இறுக்குகிறார். எந்திரம் செய்வதும் அதுவேதான். சாலையோரத்தில் உட்கார்ந்து அவர் செய்யும் வேலைக்குள் எத்தனை பெரிய அறிவு இருக்கிறது என்று நாம் ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறோமா?

எந்திரம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1924-இல் டெல்லியில் ஒரு மாணவர் காந்தியடிகளிடம், நீங்கள் எல்லா எந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். எந்திரத்தின் மேல் இருக்கும் வெறிக்குத்தான் தாம் எதிரி என்று விளக்கிய காந்தி, விலக்காக ஓர் எந்திரத்தை எடுத்துச் சொன்னார். அது சிங்கர் தையல் எந்திரம். பெண்களின் அலுப்பூட்டும் கைவேலையைக் குறைக்க அன்பினால் பிறந்த கருவி என்று அதை அவர் கருதினார். கேள்வி கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். அவர்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார். நெடுந்தூரம் ஓடும் தையலை எந்திரம் எடுத்துக்கொண்டது, நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டத்தை எங்கே நிறுத்துவது, எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்வது இன்றும் கையும் கண்ணும்தான்.

சரி, பூட்டுத்தையல் வந்துவிட்டதே, இனி அவிழாது என்று இருந்துவிடலாமா? இருக்க முடியாது. மூட்டைபோல ஒரே இழுப்பில் அவிழாது, அவ்வளவுதான். முனை கட்டப்படாவிட்டால் இரண்டு நூலும் பிடி தளர்ந்து ஒவ்வொரு தையலாக வெளியே வரும். துவைக்கும்போது வரும். பிழியும்போது வரும். குழந்தை இழுக்கும்போது வரும். எந்திரம் பூட்டியது நடுவை. முனையை நாம் பூட்டியாக வேண்டும்.

எப்படிப் பூட்டுவது? முதலில் கைத்தையல்.

நூல் எவ்வளவு எடுக்க வேண்டும்? விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அடிக்கடி ஊசி கோக்கச் சலித்துக்கொண்டு இரண்டு முழம் மூன்று முழம் கோக்கிறவர்கள் இருக்கிறார்கள். நூல் நீண்டால் முறுக்கேறும், சிக்கும், ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசிப் பஞ்சாகும். கடைசியில் வரும் நூல் தேய்ந்த நூல். அந்தத் தேய்ந்த நூலைக் கொண்டா தையலை முடிப்பது?

நூல் தீர்ந்துபோன பிறகு பதறுவதைப் பார்த்திருக்கிறேன். அரை விரற்கடை நூல் மிஞ்சியிருக்கும், ஊசியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. நாலு விரற்கடை நூல் கையில் இருக்கும்போதே நிறுத்துங்கள். இன்னும் பத்துத் தையல் போடலாமே என்று ஆசைப்படாதீர்கள். அந்த நாலு விரற்கடை முடிப்பதற்கான நூல்.

முடிப்பது இப்படி. துணியில் ஓரிரண்டு இழையை மட்டும் ஊசியில் எடுங்கள். நூலை முழுவதும் இழுக்காமல் சிறு வளையமாக விடுங்கள். அந்த வளையத்துக்குள் ஊசியை இரண்டு தரம் நுழையுங்கள். துணியை ஒட்டி மெதுவாக இறுக்குங்கள். பக்கத்திலேயே இன்னொரு முறை. பாலியஸ்டர் நூல் என்றால் வளையத்துக்குள் மூன்று தரம், ஏனென்றால் அது வழுக்கும். பருத்தி நூல் தன்னைத் தானே பிடித்துக்கொள்வதுபோல அது பிடிக்காது. முடிந்ததா? இன்னும் இல்லை. முடிச்சை ஒட்டி நூலை வெட்டாதீர்கள். ஊசியை மடிப்புக்குள் விட்டு ஓர் அங்குலம் தள்ளி வெளியே எடுங்கள். லேசாக இழுத்துப் பிடித்து வெட்டுங்கள். நூலின் வால் தானாக உள்ளே போய்விடும். பல்லால் கடிக்காதீர்கள். கடித்த நுனி பிசிறாகும், எச்சில் பட்டுத் துணியிலும் கறை படும்.

தொடக்கத்துக்கும் முடிச்சு வேண்டுமே? காடாத் துணிக்கு முடிச்சு சரி, மடிப்புக்குள் ஒளித்துவிடலாம். பட்டுக்கு? வாயில் துணிக்கு? முடிச்சே போடாதீர்கள். அயர்ன் பண்ணியதும் அந்த முடிச்சு வெளிப்பக்கம் சிறு கொப்புளமாக எழும்பி நிற்கும், பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது. ஒரே இடத்தில் இரண்டு குட்டிக் கெட்டித்தையல் போட்டுத் தொடங்குங்கள். முடிச்சு செய்யும் வேலையை அது சத்தமில்லாமல் செய்யும்.

முடிச்சே இல்லாமல் நிற்குமா என்று சந்தேகமா? கர்நாடகத்தின் தார்வாடு பக்கம் கசூதி என்ற பூவேலை இருக்கிறது. அதில் முடிச்சே கிடையாது. கோட்டின் மேல் ஓட்டுத்தையலாகப் போய், விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே அதே வழியில் திரும்பி வருகிறார்கள். நூல் நுனியைப் பழைய தையல்களுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல முடியாது. நம் நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணி, சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்களே, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவேலை, அதைப் பார்க்கிறவர்கள் தறியிலேயே நெய்து வந்தது என்றுதான் நினைப்பார்கள். இந்தப் பெண்களிடம் போய்த் தையலின் முடிவைப் பற்றிப் பாடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்களிடம் உட்கார்ந்து கற்க வேண்டியது நாம்தான்.

இப்போது எந்திரத்துக்கு வருவோம். "ரிவர்ஸ் அடிச்சிட்டேன்" என்கிறோம். ரிவர்ஸ் அடிப்பது நல்ல வழக்கம். விளிம்பிலிருந்து சற்று உள்ளே ஊசியை இறக்கி, இரண்டு நூலையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொண்டு, மூன்று தையல் முன்னே, மூன்று தையல் பின்னே, பிறகு நேரே. நூலைப் பிடிக்காமல் தொடங்கினால் அடியில் கூடு கட்டும் என்பது உங்களுக்கே தெரியும். முடிவிலும் அதே மூன்று. துணியை எடுக்கும் முன் ஊசியும் நூல் தூக்கும் கம்பியும் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் துணியை இழுக்கும்போது நீங்கள் கட்டிய முனையே தளரும்.

மூன்று போதும் என்றால் பத்து இன்னும் பலம்தானே? இந்த நினைப்புத்தான் பல துணிகளைக் கெடுத்தது. ஊசி போகும் ஒவ்வொரு முறையும் துணியில் ஒரு துளை விழுகிறது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அது தபால்தலையின் ஓரம்போல் ஆகிவிடும். இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். ரெக்ஸினிலும் தோலிலும் இது இன்னும் மோசம். அவற்றில் விழுந்த துளை மூடவே மூடாது. அங்கே ரிவர்ஸ் வேண்டாம். நூலை நீளமாக விட்டு வெட்டி, மேல்நூலை உள்பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து முடிச்சிடுங்கள்.

பிளவுஸ் டாட்டின் முனையிலும் ரிவர்ஸ் கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. டாட் முனையில் ரிவர்ஸ் அடித்தால் அங்கே ஒரு மூக்கு நிற்கும், துணி படியாது. முனையை நெருங்கும்போது தையலைப் பொடியாக்குங்கள். வழக்கமான தையல் 2.5 மில்லிமீட்டர் என்றால் அதை ஒன்றரைக்குக் குறையுங்கள். கடைசி இரண்டு மூன்று தையல் மடிப்பின் ஓரத்திலேயே ஓடட்டும். அப்படியே துணியை விட்டு வெளியே ஓட்டிவிடுங்கள். நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, முனையில் முடிச்சிடுங்கள். ஒரு டாட்டுக்கு அரை நிமிடம் கூடுதல். அந்த அரை நிமிடத்தில்தான் நல்ல டெய்லர் யார் என்பது தெரிகிறது.

ரிவர்ஸே இல்லாத பழைய கறுப்பு மெஷின் வைத்திருக்கும் பாட்டிமார்கள் என்ன செய்தார்கள்? முனைக்கு அரை அங்குலம் முன்னால் தையலைப் பொடியாக்கினார்கள். அல்லது ஊசியைத் துணியில் இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, வந்த வழியே நாலு தையல் போட்டார்கள். அந்தத் தையல் பல பேரன் பேத்திகளைத் தாண்டி இன்னும் நிற்கிறது.

பனியன் வேலையில் இருக்கும் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓவர்லாக்குக்கு ரிவர்ஸ் கிடையாது. விளிம்பை வெட்டிக்கொண்டே சுற்றிப் போகிறது, முடிவில் ஒரு வாலை விட்டுவிட்டுப் போகிறது. கம்பெனியில் அந்த முனையைக் குறுக்கே வரும் அடுத்த தையல் அமுக்கிவிடுகிறது. தோள் ஓவர்லாக்கைக் கழுத்துப் பட்டி அமுக்கும். பக்க ஓவர்லாக்கை அடிமடிப்பின் பேட்லாக் அமுக்கும். அமுக்க ஆள் இல்லாத இடம் எது? கையை மடித்த பிறகு பக்கம் மூட்டினால், கைவாயில் ஓவர்லாக் முடியும் இடம். நல்ல பனியனில் அங்கே சின்னதாய் ஒரு பார்டாக், அதாவது முனையைக் கட்டும் நெருக்கமான தையல், இருக்கும். வீட்டில் தைக்கிறவர்களுக்கு பார்டாக் மெஷின் இல்லை. பெரிய ஊசியில் அந்த வாலைக் கோத்து, ஓவர்லாக் தையலுக்குள்ளேயே ஓர் அங்குலம் நுழைத்து வெட்டுங்கள். அது போதும்.

பார்டாக் செய்யும் இந்த வேலையை ஒரு காலத்தில் ஆணி செய்தது, தெரியுமா? தையல் மூலையில்தான் பிரிகிறது என்று கண்டுகொண்ட ஒரு டெய்லரின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு டெய்லர். ஒரு தொழிலாளியின் மனைவி வந்து, என் வீட்டுக்காரருக்குப் பிரியாத கால்சட்டை ஒன்று தைத்துத் தாருங்கள் என்று கேட்டாள். டேவிஸ் யோசித்தார். துணியை இன்னும் தடிப்பாக்கினாரா? தையலை இரட்டித்தாரா? இல்லை. பை எங்கே தொடங்குகிறதோ, எங்கே முடிகிறதோ, அந்த மூலைகளில் மட்டும் செம்பு ஆணி அடித்தார். அந்தக் கால்சட்டைக்குக் கிராக்கி கூடியது. காப்புரிமைக்குக் கட்டப் பணம் இல்லாததால் தமக்குத் துணி கொடுத்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகமே போடும் ஜீன்ஸ், தையல் முடியும் இடத்தைக் காப்பாற்றப் போன ஒரு டெய்லரின் யோசனையிலிருந்து பிறந்தது! பின்பையில் இருந்த ஆணிகள் நாற்காலியைக் கீறின. 1960-களில் அங்கே ஆணி போய் நெருக்கமான பார்டாக் தையல் வந்தது. ஆணி செய்த வேலையை நூல் ஏற்றுக்கொண்டது.

இதுவரை முனையைப் பற்றியே பேசினேன். முனையை மட்டும் கட்டினால் போதுமா? போதாத இடங்கள் உண்டு.

புடவைக்கு ஃபால்ஸ் ஹெம்மிங் செய்கிறீர்கள். நீண்ட தையல். புடவைப் பக்கம் ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறீர்கள், வெளியே தெரியக் கூடாதே. நடக்கும்போது கால் கொலுசு ஓரிடத்தில் மாட்டி நூல் அறுந்தால்? இருபுறமும் நழுவிக்கொண்டே போகும். அதனால் ஒரு சாணுக்கு ஒரு முறை ஃபால்ஸின் மேலேயே ஒரு கெட்டித்தையல் போட்டு நூலைப் பூட்டிவிட்டு மேலே போங்கள். அறுந்தால் ஒரு சாண் மட்டும் பிரியும். மிச்சம் நிற்கும்.

பிளவுஸ் கொக்கியும் அப்படித்தான். ஒரே நூலில் முதல் கொக்கியைத் தைத்து, வெட்டாமல் அடுத்ததற்குத் தாண்டி, அப்படியே ஐந்தாறு கொக்கியையும் முடித்துவிடுகிறார்கள். வேகம்தான். ஆனால் ஒரு கொக்கியின் நூல் அறுந்தால் பக்கத்துக் கொக்கியும் ஆட்டம் காணும். ஒவ்வொரு கொக்கியையும் தனியாகக் கட்டி முடியுங்கள். நூலை வெட்டாமல் பட்டிக்குள் நுழைத்து அடுத்ததற்குப் போகலாம், தடையில்லை; போகும் முன் இதை முடித்துவிட்டுப் போங்கள். ஒரு பெண் பொது இடத்தில் தலைகுனியாமல் இருக்க வேண்டிய பொறுப்பு அந்த ஒரு முடிச்சிடம் இருக்கிறது.

ரெடிமேட் சட்டை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கம்பெனிகளில் பட்டன் தைக்கும் மெஷின் ஒற்றை நூல் சங்கிலித்தையல் போடுகிறது. பட்டனுக்குப் பின்னால் ஒரு நூல் வால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதை இழுத்துப் பார்க்காதீர்கள்! முதல் நாளே ஊசியை எடுத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் பின்பக்கம் இரண்டு முடிச்சுப் போடுங்கள். புதிதாகப் பட்டன் தைப்பதானால் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள். குச்சியை உருவிவிட்டு, பட்டனின் அடியில் நூலை மூன்று நாலு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே முடிச்சிடுங்கள். பட்டன் காஜாவுக்குள் தாராளமாக உட்காரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, எல்லாத் தையலையும் இறுக்கிப் பூட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பூட்டக் கூடாத தையலும் உண்டு. கச்சாத் தையலுக்கு எதற்கு முடிச்சு? அது உருவி எறிய வேண்டியது. அரிசி மூட்டைத் தையல் எளிதில் அவிழ்வதுதான் அதன் பெருமை. பிளவுஸின் பக்கத்தில் இரண்டு மூன்று கோடு தையல் போட்டு, உள்ளே துணி விட்டுத் தைக்கிறோம். உடம்பு பூசினால் ஒரு கோட்டைப் பிரித்துக்கொள்ளத்தானே? அந்த உள்கோட்டில் ஏழெட்டு ரிவர்ஸ் அடித்து வைத்தால் பிரிக்கிறவள் கையோடு துணியும் கிழியும். பள்ளிக்கூடப் பாவாடையின் அடிமடிப்பை அகலமாக விடும் தாய்க்குத் தெரியும், அடுத்த ஜூனில் அதைப் பிரித்து இறக்க வேண்டும் என்று. அங்கே முனையை ஒரு முறை கட்டினால் போதும். எது நிற்க வேண்டும், எது அவிழ வேண்டும் என்று தைக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஊசியை எடுக்கும்போதே, இந்தத் தையலை எங்கே நிறுத்துவேன், எப்படி முடிப்பேன் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். நாம் எங்கே கவனம் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட் சீருடை அரசு தருகிறது. அவற்றை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் இலவசமாகக் கிடைக்கிறது. பாராட்ட வேண்டிய காரியங்கள். மெஷின் வந்துவிட்டது, துணி வந்துவிட்டது, வேலை வந்துவிட்டது. ஆனால் நம் தொழிலில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? பெரும்பாலும் பீஸ் கணக்கு. ஒரு சட்டைக்கு இவ்வளவு. ஒரு பாவாடைக்கு இவ்வளவு. அந்தச் சட்டையின் பை மூலையில் ரிவர்ஸ் அடித்தவளுக்கும் அதே கூலி, அடிக்காமல் ஓட்டியவளுக்கும் அதே கூலி. அரை நிமிடம் கூடுதலாகச் செலவிட்டவள் சாயங்காலம் இரண்டு பீஸ் குறைவாகக் கணக்குக் கொடுக்கிறாள். நன்றாக முடித்ததற்கு அவள் கூலியில் வெட்டு! இது நியாயமா?

ஹெம்மிங் செய்கிறவர்கள், கொக்கி தைக்கிறவர்கள், காஜா போடுகிறவர்கள், கைமடிக்கு நிற்கிறவர்கள், பிசிறு வெட்டுகிறவர்கள், இவர்கள்தானே துணியை முடித்துக் கொடுப்பவர்கள்? நம் தொழிலில் ஆகக் குறைந்த கூலி யாருக்கு? இவர்களுக்கே. கட்டிங் மாஸ்டருக்கு நாற்காலி, கொக்கி தைக்கும் அம்மாவுக்குத் தரை. கட்டிங் மாஸ்டரின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் வெட்டிய அழகை ஐந்து வருடம் உடம்பில் நிறுத்துகிறவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எனவே கடை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கூலிப் பட்டியலில் முடிப்பு வேலைக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். ஃபால்ஸுக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதாமல், சாணுக்கு ஒரு பூட்டுப் போட்ட ஃபால்ஸுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் கொடுப்பார்கள். கூடுதலாக வரும் காசு அந்த ஊசியைப் பிடித்த கைக்குப் போய்ச் சேரட்டும்.

தையல் ஆசிரியர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். தேர்வு நாளில் மாணவி கொண்டுவரும் பிளவுஸை எப்படிப் பார்க்கிறீர்கள்? மேசையில் விரித்து, கழுத்தைப் பார்த்து, கையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள். இனிமேல் அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு முனையையும் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். டாட் முனையில் முடிச்சு இருக்கிறதா? கொக்கிகள் தனித்தனியாக முடிந்திருக்கின்றனவா? மதிப்பெண்ணில் பாதியை உள்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு பருவம் இப்படிச் செய்து பாருங்கள்; அடுத்த பருவத்தில் உங்கள் மாணவிகளின் கையே வேறாக இருக்கும்.

பேச்சு நீண்டுவிட்டது. மண்டபத்தின் பின்பக்கம் நீள மேசையில் காடாத் துணி, பட்டுத் துண்டு, பனியன் துணி, ரெக்ஸின் நான்கும் வைத்திருக்கிறோம். ஊசியும் நூலும் எல்லாருக்கும் இருக்கிறது. கை மெஷின் இரண்டு இருக்கின்றன, ரிவர்ஸ் இல்லாதவைதான். ஒவ்வொரு துணியிலும் ஒரு விரல் நீளம் தைத்து, அதை எப்படி முடிப்பீர்களோ அப்படி முடித்து என்னிடம் கொடுங்கள். நான் இழுத்துப் பார்க்கிறேன். கேள்விகளை அங்கே வைத்துக்கொள்வோம். பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.